சொந்த உபயோகத்துக்கு ஒரு பலாமரம்

முள்ளுக்குறிச்சி
24.2.2025

அண்ணனுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். சதீஷ்குமார் மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வண்டியோடு மலைக்கு மேலே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் படித்துவிடக்கூடாது என்று கவரை ஒட்டி ஸ்டேப்ளரும் அடித்திருக்கிறேன்.

வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. மாணிக்கம் மேஸ்திரி சுவரைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். முன்வாசலுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாசல் நிலை எப்போது வருகிறது என்று கேட்கிறார்கள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு நிலை பிறந்த வீட்டில் இருந்துதான் வரும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். இவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேற்குக் காட்டு ஓரத்துப் பலாமரத்தை அப்பா எனக்கென்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். "தேனு ஊடு கட்டறப்ப நிலைக்கு ஆவும்" என்று நீ மிளகு பறிக்க ஏணி போட்டபோதுதான் சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

பொங்கலுக்குப் போன் செய்தபோது பின்னால் அண்ணி பேசியது என் காதில் விழுந்தது. இன்றைக்கு மரம் கேட்கிறவள் நாளைக்கு நிலம் கேட்பாள் என்றார். நிலத்தை நான் எழுதிக் கொடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சேந்தமங்கலத்தில் வாடகை வண்டி பானட்டின் மேல் பத்திரத்தை வைத்து, எங்கே எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேங்க் லோனுக்குத்தான், மற்றபடி ஊடு எப்பவும் உன்னுதுதான் கண்ணு என்றாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் நிலம் கேட்கவில்லை. மரம் ஒன்று கேட்கிறேன்.

ஆனி பிறந்தால் நிலை வைக்க மாட்டார்கள். மேஸ்திரியும் அப்புறம் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறார். வைகாசிக்குள் வேண்டும்.

தேன்மொழி

---

குண்டனி நாடு
3.3.2025

தேனு,

உன் ஸ்டேப்ளர் பின் என் விரலைக் குத்திவிட்டது. உள்ளே எழுதியிருந்ததும் குத்தத்தான் செய்தது.

மரம் தர மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? போனை வைத்தது கோபத்தால் இல்லை. வீட்டில் சிக்னல் பாதியில் போய்விடும், நின்று கிடைப்பது கடை முக்கில் மட்டும். அங்கே நின்று பேசினால் டீ குடிக்கிற பத்துப் பேருக்கும் நம் வீட்டுக் கதை. உன் அண்ணி சொன்னதைப் பெரிதாக எடுக்காதே. அந்த மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக் கொடி போய்விடும் என்று அவளுக்கு வயிற்றெரிச்சல். பானுமதியைத் தெரியாதா உனக்கு? அவள் திட்டிக்கொண்டே சோறு போடுகிறவள்.

நம் பட்டா நிலத்து மரம் என்றாலும் இங்கே நினைத்தபடி கோடாலியைத் தூக்க முடியாது. வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். நிலத்துக்காரன் தன் சொந்த உபயோகத்துக்கு வெட்டினால் வரியும் இல்லை, கட்டணமும் இல்லை, மனு மட்டும் கொடு என்றார். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி நானே எழுதினேன். "என் சொந்த வீட்டு நிலை, கதவு செய்வதற்காகப் பலாமரம் ஒன்று." எட்டாவது படித்தவன் கையெழுத்துத்தான், ஆனால் அடித்தல் திருத்தல் இல்லை. எந்த வீடு என்று கேட்டார்கள். நம்ம ஊடுதானுங்க என்றேன். பொய் இல்லையே. உன் நிலை நம் வீட்டு நிலைதானே.

மிளகு பறித்து முடியட்டும். காகிதமும் வரட்டும். அதுவரைக்கும் சாக்கு நல்ல சாக்காகப் பார்த்துக் கட்டு.

சின்னராசு

---

முள்ளுக்குறிச்சி
25.3.2025

அண்ணா,

இருபத்திரண்டு நாள் ஆகிறது. மலையில் இருந்து இறங்குகிற ஒவ்வொரு பிக்கப்பையும் ரோட்டோரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வாழைத்தாரும் அன்னாசியும்தான் இறங்குகிறது. அடுப்பில் பால் பொங்கினால்கூடக் காதில் விழுவதில்லை, வண்டிச் சத்தம் மட்டும் விழுகிறது.

தேய்பிறை இப்போதுதான் நடக்கிறது. இன்னும் நாலு நாளில் அமாவாசை. இதை விட்டால் இன்னொரு மாதம். வளர்பிறையில் வெட்டின மரத்தில் வண்டு விழும் என்று நீதான் சொல்லுவாய். காகிதம் எங்கே நிற்கிறது? நான் வந்து கேட்கட்டுமா? அடக்க ஒடுக்கமாகத்தான் கேட்பேன், பயப்படாதே.

இவர் நேற்று ராசிபுரத்தில் இரும்பு நிலை விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சட்டைப் பையில் சீட்டைப் பார்த்தேன்.

தேன்மொழி

---

குண்டனி நாடு
23.4.2025

தேனு,

வெட்டியாகிவிட்டது. சித்திரைத் தேய்பிறையில், திங்கட்கிழமை காலையில்.

காகிதம் பங்குனிக் கடைசியில் வந்தது. தேய்பிறைக்காக நான்தான் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையிடம் சொல், இரும்பு மழைக்குத் துரு ஏறும், வெயிலுக்குச் சுடும்.

மிளகுக் கொடியைப் பானுமதியே ஒவ்வொரு கணுவாகப் பிரித்து எடுத்துப் பக்கத்துச் சில்வர் ஓக்கில் கட்டினாள். பிழைக்குமோ என்னவோ. மரம் விழுந்தபோது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், என்னைத்தான் திட்டினாள், கோடாலியை நனைய விட்டேன் என்று.

உள்ளே நல்ல மஞ்சள். வைரம் ஏறிய மரம். கலைமணி ஆசாரி தட்டிப் பார்த்துவிட்டு, இதில் நிலை செய்தால் உன் பேரன் காலத்திலும் நிற்கும் என்றார். நிலையைப் பச்சையிலேயே இழைத்துவிடலாமாம், கதவுப் பலகைதான் நிழலில் காய வேண்டுமாம். உன் வாசல் அளவு மூன்றரைக்கு ஏழு என்று சதீஷ் சொன்னான். சரிதானா? தப்பாக இருந்தால் இப்போதே சொல்.

மே எட்டாம் தேதி வியாழக்கிழமை ஏற்றுகிறோம். நானும் கூட வருகிறேன். உன் கையால் மோர் கொடு போதும், விருந்து வேண்டாம்.

சின்னராசு

---

முள்ளுக்குறிச்சி
9.5.2025

திரு. சின்னராசு அவர்களுக்கு,

வெளியாட்களுக்கு மரியாதையாகத்தானே எழுத வேண்டும். அதனால் இனி நீங்கள்.

நேற்றுக் காலையில் இருந்து மஞ்சள் அரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மோர் கரைத்து வைத்திருந்தேன். இவர் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி சாந்து குழைத்து வைத்திருந்தார். மூன்று மணிக்கு சதீஷ்குமார் வெறும் பைக்கில் வந்தான். அடிவாரத்து செக்போஸ்டில் வண்டியைத் திருப்பிவிட்டார்கள் என்றான். அது நடக்கிறதுதான், அதற்கு நான் கோபப்படவில்லை. அங்கே நடந்ததை எல்லாம் சொல்லு என்றேன். சொல்ல மாட்டேன் என்றான். விடவில்லை நான்.

காகிதத்தில் சொந்த உபயோகம் என்று போட்டிருக்கிறது, மரம் ஏன் கீழே போகிறது என்று பாரஸ்ட் கார்டு கேட்டாராம். தங்கச்சி வீட்டுக்கு என்றீர்களாம். தங்கச்சி பேர் பட்டாவில் இருக்கிறதா என்று கேட்டாராம். அதற்கு நீங்கள் சொன்னதை சதீஷ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இல்லீங்க. அவ எழுதிக் குடுத்துட்டாளுங்க. அவளுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்க."

ஒன்றும் இல்லையா? எழுதிக் கொடுத்தது உண்மை. ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது? பதினோரு வருஷமாக யார் கேட்டாலும் என் அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். காக்கிச் சட்டைக்காரர் ஒரு கேள்வி கேட்டதும் உதறிவிட்டீர்கள்.

இனிமேல் மரம் வேண்டாம். நீங்களும் என் வாசல் பக்கம் வர வேண்டாம். வாசலே இன்னும் இல்லை என்பது வேறு விஷயம்.

காளியண்ணன் மனைவி தேன்மொழி

---

குண்டனி நாடு
13.5.2025

தேனு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இது நாலாவது.

சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். சதீஷ் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

கார்டு நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்தவில்லை. நிழலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். "தங்கச்சி ஊடு உங்க சொந்த ஊடு ஆவுமாங்க?" என்றார். ஆகும் என்று சொல்ல வாய் வந்தது. பட்டாவில் பேர் இருந்தால் விட்டுவிடலாம், இருக்கிறதா என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பொய் சொன்னால் மரமும் போகும், வண்டியும் போகும், சதீஷ் பிழைப்பும் போகும். பயத்தில் கேட்டதற்கு மேலே ஒரு வார்த்தை கூடவே வந்துவிட்டது. பயந்தவன் வாய் அப்படித்தான். உன் பேர் அந்தப் பட்டாவில் இருந்திருந்தால் மரம் அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்திருக்கும். திரும்பி ஏறுகிற எழுபது வளைவிலும் இதையேதான் நினைத்தேன். உன்னைக் கையெழுத்துப் போட வைத்தவன் நான்.

மறுநாள் பாரஸ்ட் ஆபீஸ் போனேன். அபராதம் இல்லை, வெட்டியது முறைப்படிதான் என்றார்கள். உன் வீட்டுக்கே போடு, இல்லை என்றால் கட்டணம் கட்டி பாஸ் வாங்கிக் கீழே கொண்டுபோ என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கட்டணம் பெரிதில்லை, இரண்டு மூட்டை கிழங்குக் காசு. படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. மரம் யாருக்குப் போகிறது, உரிமையாளரா, வேறு நபரா என்று. உன் பேரை வேறு நபர் என்கிற கட்டத்தில் எழுத வேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். படிவம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நிலைச் சட்டங்கள் மாட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. தினமும் போய் வெடிப்பு விழுகிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.

நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

அண்ணன்

---

முள்ளுக்குறிச்சி
20.5.2025

செக்போஸ்டில் வாய் சொன்னதைக் கை எழுத மாட்டேன் என்கிறதா? எழுதுங்கள். வேறு நபர் என்றே எழுதுங்கள். நான் என்ன கண்ணாடியா, உடைந்துவிடுவேனா?

இரும்பு நிலை வந்துவிட்டது. இவர் நேற்று மொபட்டில் பின்னால் ஒருவரை உட்கார வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். சுவரில் சாத்தியிருக்கிறது. சிவப்புப் பெயிண்ட் அடித்தது. நல்லாத்தான் இருக்கிறது. இவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார், நான் நல்லாத்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். ஜூன் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை வைக்கலாம் என்று மேஸ்திரி நாள் பார்த்திருக்கிறார்.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாக்கை அவிழ்த்துக் கட்டுகிறேன், மறுபடி அவிழ்க்கிறேன். இத்தனைக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் ரோட்டுக்குத்தான் போகிறேன். எதற்குப் போகிறேன் என்று இவர் கேட்டார். பால் வாங்க என்றேன்.

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டாவில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆனால் அவள் என் தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தக் கட்டமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

இனி கடிதம் வேண்டாம். இதற்குப் பதில் போடாதே.

தே.

---

அடிவாரத்து செக்போஸ்ட்
3.6.2025

தேனு,

பதில் போடாதே என்றாய். இது பதில் இல்லை, சாமானோடு வருகிற சீட்டு. சதீஷ் வண்டியில் பழைய போர்வை சுற்றி வருவதை இறக்கிவிட்டுப் பிறகு படி.

அது நம் வீட்டு நிலை. அப்பா வைத்தது. நீ படித்ததைச் சரிபார்க்கத் தேவையில்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் ஆபீஸில் இருந்து ஆள் வந்தார். வெட்டின மரத்தைச் சொந்த வீட்டுக்குப் போட்டாயா என்று பார்க்க. கொட்டகையில் இருந்த சட்டங்களைக் காட்டினேன். இது இந்த வீட்டுக்குத்தானே என்றார். அப்போதுதான் தோன்றியது. காகிதத்தில் எழுதினபடி புது நிலையை என் வீட்டுக்கே போட்டுவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? என் வீட்டுப் பழைய நிலை எங்கே போனால் என்ன?

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. குடியிருக்கிற வீட்டில் நிலையைப் பிடுங்கினால் அந்த வீட்டு லட்சுமி கூடவே போய்விடும் என்று நம் ஆட்கள் சொல்லுவார்கள். வீடு இடிந்து விழுந்தால் ஒழிய யாரும் நிலையில் கை வைக்க மாட்டார்கள். பானுமதியிடம் எப்படிச் சொல்வது என்று திணறிக்கொண்டிருந்தேன். கடைசியில் சோறு தின்னும்போது சொன்னேன். எழுந்து போனாள். சண்டை வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். கடப்பாரையோடு வந்தாள்.

"நானும் ஒரு ஊட்டுல பொறந்தவதானுங்க. போறது உங்க தங்கச்சி ஊட்டுக்குத்தான, ஊர் ஊட்டுக்கா போவுது?" என்றாள். முதல் குத்து அவள்தான் குத்தினாள்.

இன்றைக்கு செக்போஸ்ட் வரை நானும் வண்டியில் வந்தேன். அதே கார்டு. போர்வையைப் பிரித்துப் பார்த்தார். ஆணி ஓட்டையும், அப்பி அப்பிக் கறுத்துப்போன மஞ்சளும் இருக்கிறது. பழைய சாமானுக்குத் தடை இல்லை என்றார். ஆனாலும் இது என்ன, எங்கே போகிறது என்று கேட்டார். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"என் ஊட்டு நிலைங்க. என் தங்கச்சி ஊட்டுக்குப் போவுது. ரெண்டும் ஒரே ஊடுதானுங்க."

கார்டு போர்வையைத் திரும்பச் சுற்றினார். அப்போ உங்க வாசலுக்கு என்றார். புதுசு செஞ்சு வெச்சிருக்கறனுங்க, நீங்க குடுத்த காகிதத்துல இருக்கற மாதிரியே என்றேன். சிரித்துவிட்டுக் கேட்டைத் தூக்கினார்.

நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன். உன் வாசல் பக்கம் வரக்கூடாது என்று எழுதியிருந்தாய். மேலே போகிற பஸ் வருவதற்குள், சதீஷை நிறுத்திவைத்து, நின்றபடிதான் இதை எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். மேலே நம் வாசலில் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். நாய் உள்ளே வந்து கிழங்கு மூட்டையில் படுத்துக்கொள்கிறது. புது நிலை உன் வாசல் அளவுக்கு இழைத்தது, எனக்குப் பெரிது. கலைமணி ஆசாரி அறுத்துக் குறைக்க வேண்டும். ஆவணியில் வைப்போம்.

உன் பேரை வேறு நபர் என்று நான் எழுதவில்லை. படிவத்தை அடுப்பில் போட்டேன்.

அண்ணன்

---

முள்ளுக்குறிச்சி
8.6.2025

அண்ணா,

போர்வையைப் பிரித்தேன். இடது சட்டத்தில் நான் சின்ன வயதில் நகத்தால் சுரண்டின இடம் அப்படியே இருக்கிறது. அதற்கு நீ வாங்கின அடியும் நினைவு வந்தது. சதீஷ்குமார் முன்னால் அழக்கூடாது என்று சமையலறைப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் இன்னும் சுவர் முழுசாக இல்லை, எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

சீட்டைப் படித்துவிட்டு உன்மேல் மறுபடி கோபம் வந்தது. குடியிருக்கிற வீட்டு நிலையைப் பிடுங்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்? திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இவர்தான், பிடுங்கினதைத் திருப்பி அனுப்பினால் இரண்டு வீட்டுக்கும் நல்லதில்லை என்றார். அவரே போய் இரும்பு நிலையைப் பின்கட்டு வாசலுக்கு மாற்றச் சொன்னார். அந்தச் சிவப்பு நிலையை ஆசையாகத்தான் வாங்கியிருப்பார் போலிருக்கிறது, அடிக்கடி போய்த் துடைக்கிறார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நிலை நின்றது. நம் நிலை அரை அடி குட்டை. மேலே இரண்டு வரிசை கல் வைத்து அடைத்தார் மேஸ்திரி. வந்தவர்கள் எல்லாம் குனிந்துதான் நுழைந்தார்கள். இவர் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். பழைய நிலையா வைக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். எங்க அண்ணன் ஊட்டு நிலைங்க, அவிங்க வாசலை எனக்குக் குடுத்துட்டாங்க என்றேன். அவளும் குனிந்துதான் உள்ளே போனாள்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் மனசு நிற்கவில்லை. கண்ணை மூடினால் தார்ப்பாய் ஆடுகிறது. அண்ணி அதை ஒதுக்கிக்கொண்டு குனிந்து வெளியே வருவது தெரிகிறது. அந்தக் கடப்பாரைக்கு நான் என்ன பதில் செய்வேன்? மிளகுக் கொடி பிழைத்ததா என்று எழுது.

நீ என் வாசல் பக்கம் வரக்கூடாது என்று எழுதினது வாசல் இல்லாத காலத்தில். இப்போது வாசல் இருக்கிறது. வா. குனிந்து வா.

இன்னொன்று. ஆவணியில் உன் வீட்டு நிலை நிற்கும்போது நான் வராமல் நாள் குறித்துவிடாதே. அண்ணன் வீட்டு நிலைக்கு மஞ்சள் பூசுகிறவள் தங்கச்சி. அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸை நேற்று டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்து வரி விடாமல் படித்துப் பார்த்தேன். மஞ்சள் பூசுகிற உரிமையை அதில் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

தேனு